நோயும் நிலப்படமும்

கண்ணால் காண வேண்டிய ஒரு பொருளைக் காதால் கேட்கும்படி செய்வது எளிய செயல் அன்று. இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பதோ ஒரு நிலப்படம். ஆகவே, என் பேச்சைக் கேட்கும்போதே மனத்தில் ஒரு படத்தை வரைந்துகொண்டு வருமாறு மாணவ நண்பர்களை முதலிலேயே வேண்டிக்கொள்கிறேன்.

லண்டன் மாநகரின் நடுவே ஸோஹோ என்றொரு பகுதி உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இடைக்காலத்தில் அது தொழிலாளரும் சிறு வணிகரும் நெருக்கமாக வாழ்ந்த இடம். குறுகிய தெருக்கள் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. மக்கள் தண்ணீர் எடுக்கும் கைப்பம்புகள் தெருவோரங்களில் இருக்கின்றன. படத்தில் அவை 13 புள்ளிகளாகக் குறிக்கப்பட்டுள்ளன. வீடுகளின் வாசலை ஒட்டிச் சிறு சிறு கறுப்புக் கோடுகள். ஒரு வீட்டின்முன் ஒரு கோடு. வேறொரு வீட்டின்முன் நான்கு கோடுகள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு கோடும் காலராவினால் மாண்ட ஒரு மனிதரைக் குறிக்கும். பிராட் தெரு என்னும் தெருவில் உள்ள பம்பைச் சுற்றி அக்கோடுகள் எறும்புபோல் மொய்த்து நிற்கின்றன. அங்கிருந்து விலகிச் செல்லச் செல்ல அவை அருகி மறைகின்றன.

இதுதான் டாக்டர் ஜான் ஸ்னோ என்பவர் வெளியிட்ட புகழ்பெற்ற காலராப் படம். கல்லூரியில் படித்த காலத்தில் இப்படத்தின் கதையை நான் கேட்டேன். மிகவும் சுருக்கமான கதை. 1854-ஆம் ஆண்டில் காலரா வந்தது, டாக்டர் படம் வரைந்தார், படம் பம்பைக் காட்டிக்கொடுத்தது, பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள், நோய் நின்றது. கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அவ்வாறு அன்று. படம் வரையப்படுவதற்கு முன்பே கைப்பிடி கழற்றப்பட்டுவிட்டது. கைப்பிடி கழற்றப்படுவதற்கு முன்பே நோய் தணியத் தொடங்கிவிட்டது. தண்ணீர்தான் காரணம் என்று டாக்டர் ஸ்னோ எழுதியதோ அதற்கும் ஐந்தாண்டுகளுக்கு முன்பு. அப்படியானால் அந்தப் படத்தினால் ஆன பயன் என்ன? புள்ளிவிவரமும் நிலப்படமும் பொதுச் சுகாதாரத்துக்கு எவ்வாறு உதவுகின்றன? இந்தக் கேள்விக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

கங்கை ஆற்றின் கழிமுகப் பகுதியில் நெடுங்காலமாக இருந்துவந்த காலரா, 1817-ஆம் ஆண்டில் எல்லை கடந்து உலகைச் சுற்றப் புறப்பட்டது. 1831-இல் இங்கிலாந்தை அடைந்தது. காலையில் நலமாக இருந்தவர் இரவுக்குள் உடல்நீர் முழுவதும் வற்றி இறந்துபோவார். இதற்குக் காரணம் யாது? அழுகும் பொருள்களிலிருந்து எழும் துர்நாற்றம் காற்றிலே கலந்து மனிதரைத் தாக்குகிறது என்பதே அக்காலத்து அறிஞர் பெரும்பாலோரின் முடிவு. இதை நாம் எள்ளி நகையாடுவதற்கில்லை. நாற்றம் மிகுந்த இடத்தில்தான் நோயும் மிகுந்திருந்தது. கண்ணும் மூக்கும் ஒரே சாட்சியத்தைக் கூறும்போது அதை மறுப்பது எளிதா?

மறுத்தவர்களுள் ஒருவர் ஸ்னோ. 1813-இல் யார்க் நகரில் ஓர் எளிய தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். குளோரோபாரம் முதலிய மயக்க மருந்துகளை ஆராய்வதில் தேர்ச்சி பெற்றவர். 1853-இல் விக்டோரியா அரசியாரின் பிரசவத்தின்போது குளோரோபாரம் கொடுத்தவர் இவரே. காற்றோடு கலந்து நுரையீரலுக்குள் செல்லும் பொருள் உடலில் எவ்வாறு வேலை செய்யும் என்பதை நாள்தோறும் கண்டவர். ஆகையால் அவர் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார். ‘காலரா முதலில் தாக்குவது குடலை. மூச்சின் வழியாக வந்த நஞ்சு நுரையீரலை விட்டுவிட்டுக் குடலை ஏன் தாக்க வேண்டும்? வாய் வழியாக விழுங்கப்பட்ட ஏதோ ஒன்றுதானே குடலை முதலில் தாக்கும்?’ நோயாளியின் கழிவு குடிநீரில் கலந்து, அதைப் பருகுவோரிடம் நோயைச் சேர்க்கிறது என்று 1849-இல் அவர் ஒரு சிறு நூல் எழுதினார். அக்கருத்தை ஏற்றுக்கொண்டோர் மிகச் சிலர்.

இங்கே வில்லியம் பார் என்னும் பெரியவரை அறிமுகம் செய்ய வேண்டும். பிறப்பு இறப்புக்களைப் பதியும் தலைமை அலுவலகத்தில் புள்ளிவிவரங்களைத் தொகுத்தவர். யார், எங்கே, எந்த வயதில், எந்த நோயால் இறந்தார் என்பதை வாரந்தோறும் அச்சிட்டு வெளியிடும் ஏற்பாட்டை வளர்த்தவர். 1849-இல் நிகழ்ந்த காலரா மரணங்களை அவர் ஆராய்ந்தார். ஒவ்வொரு பகுதியும் தேம்ஸ் ஆற்று மட்டத்துக்கு மேல் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டு, இறப்பு விகிதத்தை அதன் பக்கத்தில் எழுதிப் பார்த்தார். தாழ்ந்த நிலத்தில் இறப்பு மிகுதி. உயர உயர அது ஒழுங்காகக் குறைந்துகொண்டே வந்தது. தாழ்ந்த இடத்தில் துர்நாற்றக் காற்று தேங்கும். ஆகவே காற்றே காரணம் என்பது உறுதியாயிற்று என்று அவர் எண்ணினார்.

இதில் எண்கள் பிழையா? இல்லை. நிலத்தின் உயரம் பிழையா? அதுவும் இல்லை. கணக்கும் சரி, படமும் சரி. முடிவு மட்டும் தவறு. தாழ்ந்த பகுதிகளில் இருந்தோர் பெரும்பாலும், நகரத்துச் சாக்கடை கலந்த தேம்ஸ் நீரையே குடித்தார்கள். உயரமும் தண்ணீரும் கைகோத்துச் சென்றன. பார் ஒன்றைக் கண்டார், மற்றொன்றைக் காணவில்லை. மாணவ நண்பர்களே, இந்த இடத்தைச் சிறிது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பொருள்கள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதனாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது.

அப்படியானால் தண்ணீரைக் காற்றிலிருந்து பிரித்தறிவது எப்படி? ஸ்னோவுக்கு ஒரு நல்வாய்ப்புக் கிடைத்தது. தென் லண்டனில் இரண்டு நிறுவனங்கள் ஒரே தெருக்களில் குழாய் பதித்திருந்தன. ஒரு வீட்டுக்கு ஒரு நிறுவனத்தின் நீர். அடுத்த வீட்டுக்கு மற்றதன் நீர். ஏழை, செல்வர் என்ற வேறுபாடோ, உயரம் தாழ்வு என்ற வேறுபாடோ கிடையாது. இரு வீட்டாரும் சுவாசித்தது ஒரே காற்று. லாம்பெத் நிறுவனம் 1852-இல் தன் நீர் எடுக்கும் இடத்தை, சாக்கடை கலவாத மேலாற்றுப் பகுதிக்கு மாற்றிக்கொண்டது. சவுத்வார்க்-வாக்ஸ்ஹால் நிறுவனமோ நகரத்துக்குள்ளேயே, பாட்டர்ஸீ என்னுமிடத்தில் நீர் எடுத்துவந்தது. மூன்று லட்சம் மக்கள் தாம் அறியாமலே இரு கூறாகப் பிரிந்து நின்றார்கள். எந்த அறிஞரும் திட்டமிட்டு நடத்த முடியாத சோதனை இது.

1854-இல் மீண்டும் காலரா வந்தபோது ஸ்னோ தென் லண்டனில் இறப்பு நேர்ந்த வீடுகளுக்கு நடந்தே சென்றார். ‘உங்கள் வீட்டுக்கு எந்த நிறுவனத்தின் நீர் வருகிறது?’ என்று கேட்டார். பலருக்குத் தெரியவில்லை, குடியிருப்போர் வாடகைக்கு இருப்பவர், தண்ணீர் வரியைக் கட்டுபவரோ வீட்டுக்காரர். இந்த இடத்தில் பலர் மனம் சோர்ந்து திரும்பியிருப்பார்கள். ஸ்னோ ஒரு வழி கண்டார். அந்நீரில் சிறிது எடுத்து வெள்ளி நைட்ரேட்டைக் கலந்து பார்த்தார். நீரில் உப்பு இருந்தால் அது வெண்மையாகத் திரியும். நகரத்துக்குள் எடுக்கப்பட்ட நீரில் ஒரு காலனுக்கு ஏறத்தாழ 38 கிரெயின் எடை உப்பு இருந்தது. மேலாற்று நீரில் ஒரு கிரெயினுக்கும் குறைவு. ஆகவே, வீட்டார் அறியாததைத் தண்ணீரே சொல்லிவிட்டது.

முதல் ஏழு வாரங்களின் கணக்கு இது. சவுத்வார்க்-வாக்ஸ்ஹால் நீர் சென்ற வீடுகள் 40,046, இறப்பு 1,263. லாம்பெத் நீர் சென்ற வீடுகள் 26,107, இறப்பு 98. வீடுகளின் எண்ணிக்கை வேறுபடுவதால் 1,263-ஐயும் 98-ஐயும் நேராக ஒப்பிடுதல் நியாயம் ஆகாது. பத்தாயிரம் வீட்டுக்கு எத்தனை என்று பார்க்க வேண்டும். முன்னதில் 315, பின்னதில் 37. எட்டு மடங்குக்கும் மேல்! எத்தனை பேர் இறந்தார்கள் என்பது பாதி உண்மை. எத்தனை பேருள் இறந்தார்கள் என்பதே முழு உண்மை. வகுக்கும் எண் இல்லாத புள்ளிவிவரம் ஒற்றைத் தட்டுள்ள தராசு போன்றது.

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் ஸோஹோவில் இடி விழுந்தது. 1854 ஆகஸ்டு 31-ஆம் நாள் இரவு தொடங்கிப் பத்து நாட்களில், பிராட் தெருவைச் சுற்றி 250 கஜத்துக்குள் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஸ்னோ பதிவு அலுவலகத்துக்குச் சென்று இறந்தோர் பட்டியலைப் பெற்றார். அவர் விசாரித்த இறப்புக்கள் 83. அவற்றுள் 73 பிராட் தெருப் பம்புக்கு அருகில் நிகழ்ந்தவை. அந்த 73 பேருள் 61 பேர் எப்போதுமோ எப்போதாவதோ அப்பம்பின் நீரைக் குடித்தவர்கள் என்று தெரிந்தது. எஞ்சிய பத்து இறப்புக்களோ வேறு பம்புகளுக்கு அருகிலுள்ள வீடுகளில் நேர்ந்தவை.

சாதாரண ஆராய்ச்சியாளர் என்ன செய்வார்? 73 எங்கே, 10 எங்கே! பத்தை ஒதுக்கிவிட்டு முடிவை எழுதிவிடுவார். ஸ்னோ அந்தப் பத்து வீடுகளின் கதவையும் தட்டினார். ஐந்து வீட்டார், அருகில் வேறு பம்பு இருந்தும் பிராட் தெரு நீரையே விரும்பி வரவழைத்துக் குடித்ததாகக் கூறினர். வேறு மூன்று வீடுகளில் இறந்தவர்கள் குழந்தைகள். அவர்கள் படித்த பள்ளி பிராட் தெருப் பம்பின் அருகில் இருந்தது. பொருந்தாமல் நின்ற பத்தில் எட்டு இவ்வாறு பொருந்திப்போயின.

அதைவிட வியப்பானது ஹாம்ப்ஸ்டெட்டில் நிகழ்ந்த ஒரு மரணம். அது நகருக்குப் புறம்பே தூய காற்று வீசும் மேட்டுப் பகுதி. அவ்வட்டாரத்தில் அப்போது காலராவே இல்லை. அங்கே 59 வயது மூதாட்டி ஒருவர் செப்டம்பர் 2-ஆம் நாள் காலராவினால் இறந்தார். ஸ்னோ அவருடைய மகனைக் கண்டு விசாரித்தார். அம்மூதாட்டி முன்பு பிராட் தெருவில் வாழ்ந்தவர். அந்தப் பம்பு நீரின் சுவை அவருக்குப் பிடித்திருந்தது. நாள்தோறும் அங்கிருந்து வரும் வண்டியில் ஒரு புட்டி நீரை வரவழைத்துக் குடித்துவந்தார். ஆகஸ்டு 31-இலும் ஒரு புட்டி வந்தது. அவரைக் காண வந்த உறவுப் பெண் ஒருவரும் அந்நீரைக் குடித்துவிட்டு, இஸ்லிங்டன் என்னும் பகுதியிலுள்ள தம் வீட்டுக்குத் திரும்பி, அங்கே இறந்தார். பிராட் தெருவின் காற்று ஹாம்ப்ஸ்டெட் வரை சென்று ஒரே ஒரு வீட்டை மட்டும் தேடிப் புகுந்தது என்று யார் கூற முடியும்? தண்ணீர் புட்டியில் சென்றது; நோயும் புட்டியில் சென்றது.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். நோய் இருக்க வேண்டிய இடத்தில் ஏன் இல்லை? பிராட் தெருவுக்கு அடுத்த தெருவில் ஏழையர் விடுதி ஒன்று இருந்தது. நாலா பக்கமும் சாவு சூழ்ந்திருக்க, அங்கிருந்த 535 பேருள் இறந்தவர் ஐவரே. அவ்விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. பிராட் தெருவிலேயே, பம்புக்கு மிக அருகில், பீர் வடிக்கும் சாலை ஒன்று இருந்தது. எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளர்; ஒருவரும் காலராவினால் இறக்கவில்லை. அவர்களுக்கு வேலைக்கிடையே பீர் இலவசமாகக் கிடைத்தது. தவிரவும் சாலைக்குள்ளேயே ஆழ்கிணறு இருந்தது. தெருப்பம்பு அவர்களுக்குத் தேவைப்படவில்லை. (மதுவின் பெருமையைக் கூறுகிறேன் என்று எவரும் கருதிவிட வேண்டாம், அவர்களைக் காத்தது அந்தத் தெருப்பம்பை நாடாமை.) அதே தெருவில் துப்பாக்கிக்கான கேப்பு செய்யும் தொழிற்சாலையில் சுமார் 200 பேர் வேலை செய்தனர். அங்கே தொட்டிகளில் பம்பு நீரை நிரப்பி வைப்பது வழக்கம். அவர்களுள் 18 பேர் மாண்டனர்.

நேயர்களே, படத்தில் மொய்த்து நிற்கும் கோடுகள் சந்தேகத்தை எழுப்பின, அவ்வளவே. விலகி நின்ற கோடுகளும், கோடே இல்லாத வெற்றிடங்களுமே வழக்கை வெல்லச் செய்தன. பொருந்தாதவற்றை வெறுக்காமல் தேடிச் சென்று கேட்பவனுக்கே நிலப்படம் வாய் திறக்கும்.

செப்டம்பர் 7-ஆம் நாள் மாலை ஸ்னோ அப்பகுதியின் நிர்வாகக் குழுவினரைச் சந்தித்துத் தாம் கண்டதைக் கூறினார். மறுநாளே பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. ஆனால் அதற்குள் மக்களில் பெரும் பகுதியினர் ஊரைவிட்டு ஓடிவிட்டார்கள், இறப்பும் குறைந்துவிட்டது. கைப்பிடியைக் கழற்றியதனால்தான் நோய் நின்றது என்று உறுதியாகச் சொல்ல இயலாது என்பதை ஸ்னோவே தம் நூலில் எழுதியிருக்கிறார். தமக்குச் சாதகமான ஒரு கதையைத் தாமே மறுத்த அந்த நேர்மையை, நான் அவருடைய படத்தைவிட உயர்வாக மதிக்கிறேன்.

அவ்வாண்டு டிசம்பரில்தான் அவர் படத்தை அறிஞர் சபையில் காட்டினார். 1855-இல் அது நூலில் வெளிவந்தது. கண்டவர்கள் உடனே ஒப்புக்கொண்டார்களா? இல்லை. கழிவுநீர்க் கால்வாய்த் துறையின் பொறியாளர் ஒருவர் ஸ்னோவுக்கு முன்பே அதே தெருக்களில் அதே இறப்புக்களைப் படமாகக் குறித்திருந்தார். புதிய கால்வாய் தோண்டியபோது, பழைய கொள்ளைநோய்க் காலத்து இடுகாட்டிலிருந்து நச்சுக்காற்று எழுந்ததோ என்பது அவருக்கு இடப்பட்ட கேள்வி. கால்வாய்மீது குற்றமில்லை என்று எழுதி முடித்துவிட்டார். பம்பு அவர் கண்ணில் படவேயில்லை. தெருவும் ஒன்று, இறப்பும் ஒன்று. கேள்வி வேறு, ஆகவே விடையும் வேறு. அரசாங்கச் சுகாதாரக் குழுவும் ஸ்னோவின் கருத்தை ஏற்க ஆதாரம் இல்லை என்று தள்ளிவிட்டது.

நம்பாதவர்களுள் ஒருவர் அப்பகுதியின் இளம் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட். ஸ்னோ சொல்வது தவறு என்று நிரூபிக்கவே அவர் வீடு வீடாகப் புறப்பட்டார். அம்மக்களை அவருக்கு நன்கு தெரியும். ஒரே வீட்டுக்கு நான்கு ஐந்து முறைகூடச் சென்றார். இறந்தோரைப் பற்றி மட்டும் அன்றிப் பிழைத்தோரைப் பற்றியும் கேட்டார். பம்பு நீரைக் குடித்த 137 பேருள் 80 பேருக்கு நோய் கண்டது. குடிக்காத 297 பேருள் 20 பேருக்கே கண்டது. மறுக்கப் போனவர் சாட்சியாகத் திரும்பினார்! அதோடு, நோயின் ஊற்றுக்கண்ணையும் அவரே கண்டுபிடித்தார். பம்பை அடுத்த 40-ஆம் எண் வீட்டில் ஒரு போலீஸ்காரரின் கைக்குழந்தைக்கு ஆகஸ்டு 28-ஆம் நாளளவில் பேதி கண்டது. தாய் துணிகளை அலசிய நீரை வீட்டின் முன்புறத்து மலக்குழியில் ஊற்றினாள். அக்குழிக்கும் பம்பின் கிணற்றுக்கும் இடையே மூன்றடிக்கு மேல் இல்லை, செங்கற்சுவர் இற்றுப்போயிருந்தது. ஒரு தாய் தன் குழந்தைக்குச் செய்த பணிவிடை ஒரு வட்டாரத்துக்கே நமனாயிற்று. அவள்மேல் குற்றமுண்டா? நீரையும் மலத்தையும் மூன்றடி மண்ணால் பிரித்துவைத்த நகரத்தின்மேல் அன்றோ குற்றம்?

அந்தக் குழந்தையின் தந்தை நோயுற்றது செப்டம்பர் 8-ஆம் நாள், கைப்பிடி கழற்றப்பட்ட அதே நாள். அவருடைய கழிவும் அதே குழிக்குத்தான் சென்றது. கைப்பிடி இருந்திருந்தால், திரும்பி வந்த மக்களை நோய் இரண்டாம் முறை வாரிக்கொண்டு போயிருக்கலாம். ஆகவே கழற்றியது வீண் போகவில்லை. ஆனால் அது தடுத்திருக்கக்கூடிய சாவுகளுக்குப் படத்தில் கோடு இல்லை. பொதுச் சுகாதாரத்தின் வெற்றி எப்போதும் இவ்வாறு கண்ணுக்குத் தெரியாததாகவே இருக்கிறது.

ஸ்னோ 1858-இல், தம் 45-ஆம் வயதில் காலமானார். 1866-இல் கிழக்கு லண்டனில் காலரா தோன்றியபோது, வில்லியம் பார் இம்முறை தண்ணீர் நிறுவனங்களின் வரிசையில் இறப்பைக் கணக்கிட்டார். ஒரே நிறுவனத்தின் நீர் சென்ற பகுதியில் சாவு குவிந்திருக்கக் கண்டார். முன்னர்த் தாம் கொண்டிருந்த கொள்கையைக் கைவிட்டு, ஸ்னோ கூறியதே உண்மை என்று ஒப்புக்கொண்டார். தாம் தொகுத்த எண்களுக்குத் தாமே தலைவணங்குவது சிறிய குணம் அன்று. 1884-இல் ராபர்ட் காக் கல்கத்தாவில் ஆராய்ந்து, காலராவை விளைப்பது ஒரு நுண்கிருமியே என்று அறிவித்தார். கிருமியைக் காணாமலே அதன் வழியைக் கண்டவர் ஸ்னோ.

‘இது பழங்கதை, இன்று கணிப்பொறியும் செயற்கைக்கோளும் வந்துவிட்டனவே’ என்று நீங்கள் கேட்கலாம். கருவிகள் மாறியிருப்பது உண்மை. இன்று புவியியல் தகவல் முறை என்னும் ஏற்பாடு இருக்கிறது. கண்ணாடித் தாள்கள் பலவற்றில் ஒன்றில் தெருக்களையும், ஒன்றில் குடிநீர்க் குழாய்களையும், ஒன்றில் சாக்கடைகளையும், ஒன்றில் மக்கள் தொகையையும், ஒன்றில் நோயாளிகளையும் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். கணிப்பொறி அதைத்தான் செய்கிறது. ஸ்னோ வாரக்கணக்கில் நடந்து தொகுத்ததைச் சில நொடிகளில் திரையில் காட்டிவிடுகிறது. நம் நாட்டிலும் 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம், எந்த ஊரில் எந்த நோய் தலைதூக்குகிறது என்பதை உடனுக்குடன் அறிவதற்காகவே ஏற்பட்டது.

ஆயினும் கேள்வி மாறவில்லை. 2010 ஜனவரியில் ஹைட்டி நாட்டைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. பல நாடுகளிலிருந்த தொண்டர்கள் செயற்கைக்கோள் எடுத்த படங்களைப் பார்த்துத் தெருத் தெருவாக அதன் தலைநகரின் நிலப்படத்தைச் சில நாட்களில் ஆக்கிக்கொடுத்தார்கள். அவ்வாண்டு அக்டோபரில், நூறாண்டுகளாக அந்நாடு கண்டிராத காலரா திடீரெனத் தோன்றியது. வெப்பம் மிகுந்த கடலோர நீரில் கிருமி தானே பெருகிவிட்டது என்று சிலர் கருதினர். பிரெஞ்சு மருத்துவர் ரெனோ பியாரூ முதலானோர் நோயாளிகளை நாள்வாரியாகவும் ஊர்வாரியாகவும் படத்தில் குறித்தனர். ஊர்களுக்குச் சென்று கேட்டனர். முதல் நோயாளிகள் கடலோரத்தில் இல்லை. உள்நாட்டில், ஆர்ட்டிபோனிட் ஆற்றோடு சேரும் ஓடை ஒன்றின் கரையில் இருந்தனர். அவ்வோடைக்கு மேற்புறம் ஐக்கிய நாடுகள் அமைதிப்படையின் முகாம் ஒன்று இருந்தது. கிருமியின் மரபணுவும் அப்படையினரின் தாயகமான நேபாளத்துக் கிருமியோடு ஒத்திருந்தது. சுமார் பதினாயிரம் உயிர்களைக் குடித்த அந்நோயில் தம் அமைப்புக்கு இருந்த பங்குக்காக ஐக்கிய நாடுகளின் தலைமைச் செயலாளர் 2016 டிசம்பரில் மன்னிப்புக் கோரினார். 156 ஆண்டுகளுக்குப் பின்னும் அதே கேள்விதான்: யாருடைய கழிவு, யாருடைய குடிநீரில்?

கருவி எளிதானபோது பிழையும் எளிதாகிறது. வண்ணப் படம் திரையில் தோன்றியவுடன் உண்மையே தோன்றிவிட்டதாக மனம் மயங்குகிறது. ஆகவே எந்த நோய்ப்படத்தைக் கண்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்குமாறு வேண்டுகிறேன். புள்ளிகள் மிகுந்த இடத்தில் நோய் மிகுதியா, அல்லது மக்களே மிகுதியா? புள்ளி இல்லாத இடத்தில் நோய் இல்லையா, அல்லது நோயைப் பதிவு செய்ய மருத்துவமனையே இல்லையா? கூட்டத்தோடு சேராத புள்ளியிடம் சென்று எவரேனும் விசாரித்தார்களா? இவற்றோடு மற்றோர் எச்சரிக்கையும் வேண்டும். ஒரு புள்ளி ஒரு வீட்டைக் காட்டும். வீட்டைக் காட்டினால் நோயாளியைக் காட்டிக்கொடுக்கும். அயலார் அவரை ஒதுக்கி வைக்கும்படி நேரலாம். நோயைத் தேடுவதுதான் நம் வேலை; நோயாளியை அம்பலப்படுத்துவது அன்று.

மாணவ நண்பர்களே, இதற்குக் கணிப்பொறி வேண்டும் என்பதில்லை. விடுமுறை நாளில் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவை வரையுங்கள். பொதுக்குழாய், ஆழ்துளைக் கிணறு, மேல்நிலைத் தொட்டி, சாக்கடை ஆகியவற்றைக் குறியுங்கள். எந்த வீட்டார் எங்கிருந்து குடிநீர் எடுக்கிறார்கள் என்று பணிவோடு கேட்டு எழுதுங்கள். குழாயும் சாக்கடையும் எத்தனை அடி இடைவெளியில் இருக்கின்றன என்று அளந்து பாருங்கள். அந்த எண்ணை ஊராட்சியினரிடமோ நகராட்சியினரிடமோ எடுத்துச் சொல்லுங்கள். நோய் வருவதற்கு முன்பே வரையப்படும் படம், பின்பு வரையப்படும் படத்தைவிட மேலானது. அதில் கறுப்புக் கோடுகள் இரா.

பிராட் தெருவுக்கு இன்று பிராட்விக் தெரு என்று பெயர். அங்கே நினைவுக்காகக் கைப்பிடி இல்லாத பம்பு ஒன்றை நிறுவியிருக்கிறார்கள். என் எண்ணத்தில் அந்த நினைவுச்சின்னம் ஸ்னோ ஒருவருக்கு மட்டும் உரியது அன்று. துயரம் நிறைந்த அந்த நாட்களில் கதவைத் திறந்து, ‘ஆம், எங்கள் குழந்தை அந்த நீரைத்தான் குடித்தது’ என்று அயலான் ஒருவனுக்குப் பதில் சொன்ன தாய் தந்தையருக்கும் அது உரியது. அவர்கள் சொன்ன அந்தச் சொற்களால் ஆனதே அந்தப் படம்.